பாதி மாம்பழம்

செத்தவன் கடைசியாக என்ன சாப்பிட்டான்? எந்தக் கொலை வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வெட்டியது யார், எத்தனை வெட்டு, எந்தக் கட்சி என்பதையெல்லாம் போலீஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவருக்கு வேண்டியது அடுப்படி. மாரில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்களைத் தாண்டி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக நேரே உள்ளே போய்விடுவார். சட்டியைத் திறந்து பார்ப்பார். தூக்குவாளியை ஆட்டிப் பார்ப்பார். என்ன குழம்பு, எவ்வளவு மிச்சம், யாருக்காக எடுத்து வைத்தது என்று தெரிந்துவிட்டால் அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மதுரையில் அச்சாகி, சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் இராஜபாளையத்துக்கு வந்து இறங்கும் ஒரு மாலைப் பத்திரிகைக்கு அவர் நிருபர். ஊருக்கே அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய மனைவி மக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயிரம் பேர் பெயரை எழுதிய மனிதரின் பெயர் அந்தப் பேப்பரில் ஒரே ஒரு தடவைதான் அச்சானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குள்ளமான ஆள். எப்போதும் வெள்ளை டெரிகாட்டன் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மஞ்சள் பை. பிணத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு பஸ் ஸ்டாண்டு எதிரில் நாலு புரோட்டா தின்பார். அதே ஆள், எழுதியதை வாசிக்கும்போது தேம்பித் தேம்பி அழுவார். இரண்டில் எது நடிப்பு என்று நான் வருஷக்கணக்காக யோசித்தேன். இரண்டுமே நடிப்பு இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைச் சொல்லி டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காதில் ஹெட்போனும் முன்னால் போர்டுமாக உட்கார்ந்து, நாங்கள்தான் பிளக்கைச் செருகி லைன் கொடுப்போம். உள்ளூருக்குள் பேசுவதும் எங்கள் கை வழியாகத்தான். பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்கக்கூடாது என்பது சட்டம். கேட்காத ஆபரேட்டர் யாராவது இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

அவர் காலை பதினொரு மணிக்கு மதுரைக்கு அர்ஜென்ட் கால் போடுவார். லைன் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கமாட்டார்.

"தாயி, செத்த நேரம் இருக்கா? இதக் கேளு."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். முடித்ததும் ஒரே கேள்வி.

"தொண்டை அடைச்சுதா?"

அடைத்தது என்றால் அப்படியே மதுரைக்குச் சொல்லுவார். அடைக்கவில்லை என்றால், "அப்ப இது சரியில்ல" என்று அந்த இடத்திலேயே அடித்துவிட்டு வேறு எழுதுவார். மதுரை ஆபீசில் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் இராஜபாளையம் செய்திக்கு ஆசிரியர் என் தொண்டைதான். இருபத்து நாலு வயசில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

ஒரு மில்லில் ஸ்டிரைக் நடந்த சமயம். முதலாளி பக்கத்து அடியாட்கள் ஒரு தொழிலாளியை நூல் கட்டைகளால் அடித்தே கொன்றார்கள். மண்டை பிளந்து, ஒரு கண் வெளியே வந்து கிடந்ததாம். அண்ணாச்சி அதை எழுதி வாசித்தார். "தொண்டை அடைக்கல அண்ணாச்சி, வாந்திதான் வருது" என்றேன். சட்டென்று நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். செத்தவனின் சட்டைப் பையில் அவித்த நிலக்கடலை இருந்தது, உரிக்காத கடலை, பிள்ளைக்காக வாங்கியது, அதில் ரத்தம் ஊறியிருந்தது என்று வாசித்தார். நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டுவிட்டது.

"போதும் தாயி. லைனைக் குடு."

மறுநாள் ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. அதுவரை ஸ்டிரைக்கைத் திட்டிக்கொண்டிருந்த வியாபாரிகளே ஷட்டரை இழுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அடியாட்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வந்து சரணடைந்தார்கள். தொழிலாளிகளின் கோரிக்கை எத்தனை, அதில் எது நியாயம் என்று எவனுக்கும் தெரியாது. கடலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். "பாத்தியா, ஒத்தக் கையளவு கடலை ஊரையே மூட வச்சிருச்சு" என்று அவர் சொன்னபோது எனக்கும் புல்லரித்தது. நல்லதுதானே நடந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அதுவும் அடுப்படியில் போனதுதான். சோழபுரத்தைத் தாண்டி ஒரு ஊரில், கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த தகராறில் குத்துப்பட்டுச் செத்த பையன் வீட்டுக்குள் இவர் வழக்கம்போல் நுழைந்து சட்டியைத் திறந்திருக்கிறார். பையனின் தாய்மாமன் பார்த்துவிட்டான். "எம் மருமவன் வாசல்ல கெடக்கான், இவன் கொழம்பத் தொறந்து பாக்கான்!" என்று அரிவாளை எடுத்து ஒரே வீச்சு. மூடியைப் பிடித்திருந்த விரல்கள் சட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டன. துண்டைச் சுற்றிக்கொண்டு யாரோ ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கட்டுப் போடும் முன்னால் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.

"அயிரை மீன் கொழம்பு தாயி. அந்தப் பய கொடைக்கு வெரதம், அதனால சாப்பிடல. வெரதம் முடிஞ்சு சாப்பிடலாம்னு எடுத்து வச்சிருந்தாளாம் அவுக அம்மா."

"விரல் போச்சேன்னு அழுவீங்களா, மீன் கொழம்பப் பேசுவீங்களா!" என்று கத்தினேன்.

"எழுதுற கை அது இல்ல தாயி. தொண்டை அடைச்சுதா, அதச் சொல்லு."

இப்படி ஒரு மனிதரை வெறுப்பதா, கையெடுத்துக் கும்பிடுவதா?

இனி மாம்பழத்துக்கு வருகிறேன். எண்பதுகள் தொடங்கிய கோடையில் ஒரு தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் தேர்தல் சுவரில்தான் தொடங்கும். இது இன்ன கட்சிச் சுவர் என்று முன்கூட்டியே வெள்ளையடித்துக் கட்சிப் பெயரை எழுதிப் பிடித்து வைத்துவிடுவார்கள். அதை வேறொருவன் தொட்டால் பொண்டாட்டியைத் தொட்ட மாதிரி குதிப்பார்கள். ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு நீளமான மதில் சுவர். ஒரு கட்சிக்குச் சுவர் எழுதும் ஒருவன் ஏணி போட்டுச் சின்னம் வரைந்துகொண்டிருந்தான். அது தங்கள் சுவர் என்று மற்றக் கட்சிக்காரப் பையன் ஒருவன் வந்து வாளியை எட்டி உதைத்தான். சுவர் எழுதுகிறவன் இறங்கி, ஏணிச் சட்டத்தாலேயே அந்தப் பையனின் கையை முறித்தான். பையன் வீட்டுக்கு ஓடி, முறியாத கையில் அரிவாளோடு வந்தான். கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு. சுவரில் பாதி வரைந்த சின்னத்தின் மேலேயே ரத்தம் தெறித்திருந்தது. பையன் அப்படியே மலைப்பக்கம் ஓடிவிட்டான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அண்ணாச்சி எனக்கு வாசித்தார். ஏணிச் சட்டம், முறிந்த கை, அரிவாள், எல்லாம் இருந்தது. செத்தவனுக்கு மனைவியும் ஐந்து வயசில் ஒரு மகளும் இருந்தார்கள்.

"தொண்டை அடைச்சுதா?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கே."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. அடுப்படில ஒண்ணும் கெடைக்கல. சட்டியெல்லாம் கழுவிக் கவுத்திட்டாளுக." பிறகு கேட்டார். "உங்க அய்யா மில்லுல செத்தாருன்னு சொன்னேல்ல? அன்னைக்கு நீ எத நெனச்சு அழுத?"

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். எனக்கு ஏழு வயசு. மாம்பழ சீசன். அப்பா முதல் ஷிப்டுக்குப் போகும்முன் ஒரு சப்பட்டை மாம்பழத்தை இரண்டாக அரிந்து, ஒரு பாதியைத் தின்றுவிட்டு, மறு பாதியை அலுமினியத் தட்டால் மூடி எனக்கு வைத்துவிட்டுப் போனார். மிஷின் பெல்ட் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டது. பத்து மணிக்குச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். எல்லோரும் வாசலில் அழுதுகொண்டிருந்தபோது நான் உள்ளே போய்த் தட்டைத் தூக்கினேன். அந்தப் பாதியைத் தின்றேன். கொட்டையைச் சப்பிச் சப்பித் தின்றேன். அப்பா செத்ததற்காக அழுததைவிட, அதைத் தின்றதற்காகத்தான் அதிகம் அழுதிருக்கிறேன்.

அதற்குள் மதுரை லைன் கிடைத்துவிட்டது. கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல மதுரையில் எழுதிக்கொண்டார்கள். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"...வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மாம்பழத்தை இரண்டாக அரிந்தார். ஒரு பாதியைத் தட்டால் மூடி, மகள் எழுந்ததும் கொடுக்கச் சொன்னார். மகள் தின்றாளா என்று கேட்க இனி அவர் வரமாட்டார். அந்தப் பாதி மாம்பழம் இன்னும் மூடியபடியே இருக்கிறது..."

ஏணிச் சட்டம் இல்லை. முறிந்த கை இல்லை. என் கை பிளக்கின் மேலேயே இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் லைன் அறுந்திருக்கும். இழுக்கவில்லை. ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். நாசமாய்ப் போகிறவள், என் அப்பாவின் மாம்பழத்தை இன்னொருத்தன் வீட்டில் வைத்துச் சொல்கிறார், அதைக் கேட்டு உட்கார்ந்து அழுதேன்.

பேசி முடித்ததும் கேட்டேன். "அது எங்கய்யா மாம்பழம். அத எப்படி அங்க வச்சீங்க?"

"சீசன்ல மாம்பழம் இல்லாத வீடு இந்த ஊர்ல உண்டா தாயி? அவனும் அப்பன்தான்."

"அப்ப ஏணிச் சட்டத்த ஏன் எடுத்தீங்க?"

"ஒரு செய்திக்கு ஒரு கண்ணீர்தான். ரெண்டு பக்கமும் வச்சா ரெண்டும் காஞ்சு போயிரும்."

சாயங்காலம் பேப்பர்க் கடைகளில் தொங்கிய போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'பாதி மாம்பழம்' என்று மட்டும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சத்தமாக வாசிக்க, சுற்றி நின்று கேட்ட பூக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள். அந்தத் தேர்தலில் ஊரே பேசிக்கொண்டிருந்தது தண்ணீரைப் பற்றித்தான். பத்து நாளைக்கு ஒரு தரம்கூடக் குழாயில் வராது. செத்தவனின் கட்சிதான் நகராட்சியை வைத்திருந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களைக் குடத்தோடு விரட்டியவர்கள், அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்சி வேட்பாளர் வேனில் ஒரு மாம்பழத்தை இரண்டாக அரிந்து ஏந்திக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்.

வெட்டிய பையனுக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்கிற தறியில் வேலை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எந்தக் கட்சியிலும் கிடையாது. போகிற வருகிற இடத்தில் என்னைப் பார்த்தால் சைக்கிளில் இருந்தபடியே தலையை ஆட்டுவார். எங்களுக்குள் பழக்கம் என்றால் அவ்வளவுதான்.

பேப்பர் வந்த மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். ரயில்வே கேட்டுப் பக்கம் மரம் அறுத்து விற்கிற மரவாடி வைத்திருந்தவர் லைனில் வந்தார்.

"அம்மா, ஆஸ்பத்திரியக் குடு. போலீஸக் குடு. ஏதாச்சும் குடும்மா!"

"என்ன ஆச்சு?"

"அந்தப் பய அண்ணனப் புடிச்சிட்டாங்கம்மா. வேலைக்குப் போன மனுசன். சைக்கிளோட சாச்சு அடிக்காங்க."

அவருக்குப் பின்னால் கூச்சல் கேட்டது. போனை வெளிப்பக்கம் நீட்டினாரோ என்னவோ, அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "ஏலே, தின்னுலே! பச்சப்புள்ளைக்கு வச்சிருந்தத நீ தின்னுலே!"

"என்னங்க பண்றாங்க? என்ன பண்றாங்க?"

"மாம்பழத்த வாயில வச்சு அமுக்குறாங்கம்மா... கல்லால அடிச்சு உள்ள தள்ளுறாங்க... ஐயோ, பல்லு..."

நான் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தேன், ஸ்டேஷனுக்கும் கொடுத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் பிளக்கைச் செருகினேன். ஒன்றும் பிரயோஜனம் இல்லை. ஜீப் வந்தபோது அவர் தண்டவாளத்துச் சரளைக் கல்லின் மேல் கிடந்தார். தாடை இரண்டாகப் போயிருந்தது. தொண்டையில் மாங்கொட்டை அடைத்து மூச்சு நின்றது என்று பெரிய டாக்டர் எழுதினாராம். அவர் நெய்த துணியைத்தான் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். இந்தத் தடவை வாசித்துக் காட்டவில்லை. நேரே மதுரையைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வரி சொன்னார். சுவர் எழுதுகிறவர் கொலையில் தேடப்படுகிறவனின் அண்ணன் அடித்துக் கொல்லப்பட்டார், போலீசார் விசாரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

மதுரை லைனை எடுத்துவிட்டு, அவரை மட்டும் லைனில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கடைசியா என்ன சாப்பிட்டாருன்னு எழுதலையா அண்ணாச்சி?"

பேனா மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

"நீங்க எழுதாட்டி நான் சொல்றேன். மாம்பழம்."

"தாயி..."

"தொண்டை அடைச்சுது அண்ணாச்சி. எனக்கில்ல. அவருக்கு."

பிளக்கை அன்றைக்குத்தான் பிடுங்கினேன். ஒரு நாள் தாமதமாக.

அந்தக் கட்சி ஜெயித்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை. லைன் கேட்பார், கொடுப்பேன். செய்தியில் அடுப்படி மட்டும் நின்றுவிட்டது. மற்ற நிருபர்கள் மாதிரியே எத்தனை வெட்டு, எந்த ஸ்டேஷன் என்று எழுதத் தொடங்கினார். மதுரையிலிருந்து, "என்னய்யா, பழைய மாதிரி உருக்கமா ஒண்ணும் வரலையே?" என்று கேட்டதை என் காதாலேயே கேட்டேன். "இந்தப் பக்கம் இப்ப எல்லாரும் சாப்பிடாமத்தான் சாகுறாங்க" என்றார். அவர் கெட்டவர் என்று நினைக்க முடிந்திருந்தால் எனக்கு வாழ்க்கை லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில், ஒரு கொலை வழக்கின் தீர்ப்புக்காக உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மறுநாள் அவருடைய பேப்பரில் 'எங்கள் நிருபர் காலமானார்' என்று இரண்டு வரி வந்தது. அவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். நான் துட்டிக்குப் போயிருந்தேன். என்னை அறியாமல் அவர் மனைவியிடம் அதைத்தான் கேட்டேன்.

"மதினி, கடைசியா என்ன சாப்பிட்டாவ?"

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார்கள். "ஒண்ணும் சாப்பிடல. அன்னைக்கு எனக்கும் அவியளுக்கும் சண்டை. மகன் ஆசைப்பட்டான்னு ரெண்டு மாம்பழம் வாங்கிட்டேன். பத்துப் பன்னெண்டு வருசமா வீட்டுக்குள்ள மாம்பழம் வரவிட்டதில்ல. தூக்கிச் சாக்கடையில எறிஞ்சுட்டு அப்படியே கெளம்பிப் போனாவ. என்ன கோவம்னே எனக்குத் தெரியாதும்மா."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய வருஷம், எங்கள் வார்டில் அந்தக் கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியது. இருபத்தொரு வயசு. சுவர் எழுதியவனின் மகள். போஸ்டரில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வெட்டிய மாம்பழம் போட்டிருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே மேடையில் மாம்பழக் கதையைச் சொன்னாளாம். கூட்டம் கலைந்து போகிறபோது, யாரோ அடுத்த தெருவில் நுழைந்து, அந்த அண்ணனின் விதவை இருந்த வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தார்கள். அந்த அம்மாளும் பதினாறு வயசு மகனும் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறார்கள். தெற்குச் சீமை முழுக்க அந்த வருஷங்களில் சாதிக் கலவரத்தில் பஸ் எரிந்தது, ஊர் எரிந்தது. ஓடு உடைந்தது ஒரு செய்தியா?

நான் மறுநாள் காலை அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்சிக்காரர்கள். "டெலிபோன் ஆபீஸ்ல இருந்து வாரேன்" என்றதும் உள்ளே விட்டார்கள். ஒல்லியான பிள்ளை. காபி கொடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த மாம்பழம் உங்கப்பா வச்சது இல்லம்மா. அது எங்கப்பா எனக்கு வச்சது. பேப்பர்க்காரர் என்கிட்டக் கேட்டு உங்க வீட்டுல எழுதிட்டாரு."

அவள் கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, நான் யாருக்கும் சொன்னதில்ல. மேடையிலயும் சொல்லமாட்டேன். அன்னைக்கு எல்லாரும் வாசல்ல அழுதப்ப, நான் உள்ள போயி அந்தத் தட்டத் தூக்கிப் பாத்தேன். அதத் தின்னுட்டேன். அப்பா செத்துக் கெடக்காரு, நான் தின்னேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். தின்றது பேப்பரில் வரவே இல்லையே! அவள் வீட்டில் உண்மையிலேயே ஒரு மாம்பழம் இருந்ததா, கேட்டுக் கேட்டு அவளே அதைத் தின்றுவிட்டாளா, எனக்கு எப்படித் தெரியும்? என் மாம்பழத்தைத் திருப்பி வாங்கப் போனவளுக்கு இனி அதைக் கேட்க வழி இல்லை. ஆனால் நான் போனது அதற்காக மட்டும் இல்லை.

"சரிம்மா. அது உன்னோடதாவே இருக்கட்டும். அதுக்காக ஒரு மனுசனக் கொன்னாங்களே, அது தெரியுமா?"

"யார?"

சத்தியமாகத் தெரியாது அவளுக்கு. பதினாறு வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. அவள் அப்பாவைப் பற்றி ஊருக்கே ஒரு கதை தெரியும். அந்த மனிதரைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. நான் சொன்னேன். சைக்கிள், சரளைக் கல், மரவாடிக்காரர் குரல், வாய்க்குள் திணித்த பழம், எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாள் உடைந்த ஓடு யார் வீட்டு ஓடு என்றும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"இனிமே சொல்லமாட்டேன்க்கா. எங்கம்மா மேல சத்தியமா."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தெரு முக்கில் கூட்டம். நான் போய் நின்றேன். பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குடிதண்ணீர் பேசினாள். சாக்கடை பேசினாள். எந்தத் தெருவில் எத்தனை குழாய் வேண்டும் என்று தாளைப் பார்த்து வாசித்தாள். அத்தனையும் நியாயமான பேச்சு. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. நாலு பேர் பீடி பற்றவைக்க ஒதுங்கினார்கள். ஒருத்தி இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி, முந்தானையை ஏற்கெனவே கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவள்தான் முதலில் குரல் கொடுத்தாள்.

"தண்ணி கெடக்கட்டும் தாயி, மாம்பழத்தச் சொல்லு!"

"ஆமா, மாம்பழத்தச் சொல்லு!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்.

அவள் மேடையில் கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் சொல்லு என்று தலையை ஆட்டினார்கள். அப்புறம் கூட்டத்தைத் துழாவிப் பார்த்தாள். என்னைத் தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். நான் கையைத் தூக்கியிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அன்றைக்குப் பிளக்கைப் பிடித்திருந்த மாதிரியே பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கப்பா அன்னைக்குக் காலையில..." என்று ஆரம்பித்தாள். கூட்டம் அப்படியே அடங்கியது. ஒதுங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். தட்டைச் சொன்னாள். அந்தத் தட்டின் மேல் ஈ மொய்த்தது என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். தின்றதைச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே அழுதாள். அழுகையில் துளி பொய் இல்லை.

கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவில் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு சடசடவென்று. ஒரு பெண் அலறினாள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் கிழவி இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி உயிரோடு இருந்திருந்தால் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார். அடைத்தது அண்ணாச்சி. ஓடு உடைகிற சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தபோதும் அடைத்துக்கொண்டுதான் நின்றது.